மேல் கட்டிலில் இருந்து தெரிந்த கடல்

கதவைத் திறந்ததும் முதலில் வந்தது மர வாசனை. பென்சில் சீவும்போது வருமே, அதே வாசனை. அடுத்து வந்தது குளிர். அதற்கடுத்து என் முதுகுக்குப் பின்னாலிருந்து சுமதியின் குரல்.

“அக்கா, படுக்கை எங்கீங்க?”

ஒரே அறை. இரும்பில் ஒரு விறகு அடுப்பு, ஒரு மேசை, இரண்டு நாற்காலி. சுவரோரம் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மரக் கட்டில்கள், ரயில் பெர்த் மாதிரி. கட்டில் மேல் ரெக்சின் போட்ட மெத்தை மட்டும் கிடந்தது. தலையணை இல்லை, விரிப்பு இல்லை, போர்வை இல்லை. குளியலறையும் உள்ளே இல்லை. நூறடி தள்ளி, மரங்களுக்கு நடுவில், எல்லாக் கேபினுக்கும் பொதுவாக ஒன்று இருந்தது.

வெளியே வானத்தை மறைத்துக்கொண்டு மரங்கள் நின்றன. ஒவ்வொன்றையும் கட்டிப்பிடிக்க நாலு ஆள் வேண்டும். மரங்கள் முடிகிற இடத்தில் செங்குத்தாகப் பாறை. பாறைக்குக் கீழே கடல் இருந்திருக்க வேண்டும். சத்தம் கேட்டது, பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அமெரிக்காவின் மேற்குக் கரையில், வடக்கே எங்கோ ஒரு மூலையில், நானும் என் ஓரகத்தியும் ஆளுக்கொரு சாம்பிள் பெட்டியோடு அந்த அறைக்குள் நின்றோம்.

படுக்கையை நீங்களே கொண்டுவர வேண்டும் என்று எங்களைக் கூப்பிட்ட ஐரீன் தெளிவாகத்தான் எழுதியிருந்தார். நானும் படித்தேன். விருந்தாளியைக் கூப்பிட்டுவிட்டுப் போர்வையும் கொண்டுவா என்று யாராவது நிஜமாகச் சொல்வார்களா? வாடகைக்கு வருகிறவர்களுக்கு அனுப்பும் பொதுக் கடிதம் போல என்று விட்டுவிட்டேன். சுமதியும் அப்படியே நினைத்திருக்கிறாள். அவ்வளவு இங்கிலீஷ் படித்தவளும் கோட்டை விட்டாளே என்று அந்தக் குளிரிலும் எனக்குச் சின்னதாக ஒரு சந்தோஷம்.

காப்பி வெக்கட்டுங்களா?

போன வாரம் இந்தத் தொடரில் குடும்பம் பாகம் பிரிந்ததை எழுதியபோது சுமதியைப் பற்றி இரண்டு வரியோடு நிறுத்திக்கொண்டேன். படித்துவிட்டு அவளே போன் செய்தாள். தன்னைப் பற்றி இவ்வளவுதானா என்று கேட்டாள். ஆகவே இந்த வாரம் முழுக்க அவள்தான்.

சுமதி என் கொழுந்தனாரின் மனைவி. நான் குன்னத்தூர்ப் பக்கம் தோட்டங்காட்டில் பிறந்து, பத்தாவது முடித்த கையோடு கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்தவள். அவள் கோயமுத்தூரில் கான்வென்ட்டில் படித்து, காலேஜும் முடித்து, எனக்கு ஏழெட்டு வருடம் கழித்து வந்தாள். வந்த மறுவாரமே மாமனார் எங்கள் பனியன் கம்பெனியில் சரக்கு வாங்கும் ஒரு வெளிநாட்டு பையரின் கடிதத்தை அவளிடம் நீட்டினார். அதுவரை அந்த வீட்டில் கடிதம் படிப்பது நான். டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு, வார்த்தை வார்த்தையாகத் தேடிப் படிப்பேன். அவள் நின்ற வாக்கில் படித்து, அர்த்தமும் சொல்லிவிட்டு, “அக்கா, காப்பி வெக்கட்டுங்களா?” என்று என்னைக் கேட்டாள்.

அன்றைக்குப் பிடித்தது வயிற்றெரிச்சல். வெட்கப்படாமல் சொல்கிறேன். அவள் தலைமுடி, அவள் கட்டிய சேலை சாயந்தரம் வரை கலையாமல் நிற்பது, ஒரே நாளில் வைத்த கறிவேப்பிலைச் செடிகளில் அவளுடையது தழைத்து என்னுடையது பட்டுப்போனது என்று எதையும் நான் பாக்கி வைக்கவில்லை. ஒரு நாளாவது அவள் மரியாதை குறைத்துப் பேசியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். எங்கள் பக்கத்தில் அதற்கும் வழியில்லை. ‘ங்க’ போட்டுக்கொண்டே முப்பது வருடம் உள்ளுக்குள் புகைய முடியும். நான் புகைந்தேன்.

பாகம் பிரிந்ததும் யூனிட் இரண்டானது. அனுப்பர்பாளையத்தில் இருந்த பழையது எங்களுக்கு, புதிதாகக் கட்டியது அவர்களுக்கு. கம்பெனி கணவர்கள் பெயரில். பையரிடம் பேசுவது, சாம்பிள் செய்வது எல்லாம் அங்கே அவள், இங்கே நான். அதன் பிறகு ஒருவர் சாம்பிள் ரூமில் மற்றவர் காலை வைத்ததில்லை. எங்கள் ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூடப் பிறந்த அண்ணன் வந்தாலும் முதலில் மேசை மேல் ஒரு பெட்ஷீட்டை விரித்துச் சாம்பிளை மூடுவோம். பிறகுதான் “வாங்க” என்போம்.

ஐரீன் போட்ட நிபந்தனை

ஐரீனுக்கு எழுபது தாண்டியிருக்கும். காட்டுக்கும் கடலுக்கும் நடுவில் பத்துப் பதினைந்து மரக் கேபின்களை வாடகைக்கு விடுகிறவர். அக்கம்பக்கத்துக் கடற்கரை ஊர்களில் கடைகளும் உண்டு. அங்கே கேம்பிங் வருகிறவர்களில் பாதிப்பேர் குளிர் தெரியாமல் வந்து மாட்டிக்கொள்கிறவர்கள். அவர்களுக்கு விற்பதற்கென்றே ஹூடி வாங்குவார். தலைக்குக் குல்லாயும் வயிற்றுக்கு நேரே ஒரு பெரிய பையும் வைத்த கனத்த பனியன் அது. நாங்கள் கூட்டுக் குடும்பமாக இருந்த காலத்திலிருந்தே எங்களிடம்தான் வாங்கினார். பாகத்துக்குப் பிறகு எனக்குப் பாதி, சுமதிக்குப் பாதி என்று பிரித்துக் கொடுத்தார்.

அந்த வருடம் அவருக்கு வியாபாரம் சுருங்கிவிட்டது. இனி ஒருவரிடம் மட்டும்தான் வாங்குவேன் என்று எழுதினார். இரண்டு பேரும் சாம்பிளோடு வாருங்கள், என் கேபினில் மூன்று நாள் தங்குங்கள், போட்டுப் பார்த்து முடிவு சொல்கிறேன் என்றார். ஒரே குடும்பம்தானே என்று ஒரே கேபினையும் ஒதுக்கிவிட்டார்.

எனக்கு அது இன்னொரு ஆர்டர் இல்லை. மற்ற பையர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்த நேரம். அந்த ஹூடியும் போனால் என் தையல் லைனை மூட வேண்டியதுதான். முப்பது டெய்லர்கள். முக்கால்வாசி, தெற்கத்திச் சீமையிலிருந்து குடும்பத்தோடு வந்த பெண்கள். நான் கிளம்பிய அன்று சூப்பர்வைசர் செல்வராணி பெட்டியைக் கார் வரைக்கும் தூக்கி வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி.

“ஆர்டரோட வாங்கக்கா. இல்லன்னா நாங்கல்லாம் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு ஊருக்குத்தான் போவணும்” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பை விமானம் முழுக்க நினைத்துக்கொண்டு போனேன்.

சாம்பிளைப் போர்த்திக்கொண்டு

கட்டில் பிரச்சினையைச் சுமதி ஒரு நிமிடத்தில் முடித்தாள். எனக்கு முழங்கால் வலி, ஆகவே நான் கீழே. அவள் ஏணியில் சரசரவென்று ஏறிவிட்டாள். என் கட்டிலை ஒட்டி வெறும் பலகைச் சுவர். மேல் கட்டிலுக்கு நேராகச் சின்னதாக ஒரு ஜன்னல் இருந்தது.

“அக்கா, இங்கிருந்து கடல் தெரியுதுங்க.”

என் மூக்குக்கு முன்னால் ஒரு பலகையும் அதில் ஒரு முடிச்சும் இருந்தன. இருபத்தைந்து மணி நேரம் பறந்து வந்தது இந்த முடிச்சைப் பார்க்கத்தானா என்று பொருமிக்கொண்டு படுத்தேன்.

அடுப்பிலும் அவள்தான் ஜெயித்தாள். விறகடுப்பில் சோறாக்கி வளர்ந்தவள் நான். அந்த ஊர் விறகோ மழையிலேயே பிறந்த விறகு. ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்ததுதான் மிச்சம். அவள் இறங்கி வந்தாள். பட்டையைச் சீவி எறிந்தாள், சிராய்களைக் கூடு மாதிரி அடுக்கினாள், இரண்டே தீக்குச்சியில் பற்றவைத்தாள். கிளம்புவதற்கு முன் போனில் வீடியோ பார்த்தாளாம். போர்வை எடுத்துவைக்கத் தோன்றாதவளுக்கு அடுப்புப் பற்றவைக்கப் படிக்கத் தோன்றியிருக்கிறது.

அப்படியும் குளிர் போகவில்லை. வேறு வழியில்லாமல் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு சாம்பிள் பெட்டிகளைத் திறந்தோம். மூடியை அரையடிக்கு மேல் இருவருமே தூக்கவில்லை. நான் ஒரு ஹூடியை மாட்டினேன், இரண்டைக் காலில் சுற்றினேன், ஒன்றைச் சுருட்டித் தலைக்கு வைத்தேன். என் பல் அடித்துக்கொண்டது மேலே கேட்டிருக்கும். தொப்பென்று என் மேல் ஒரு குவியல் விழுந்தது.

“பொத்திக்கங்கக்கா. எனக்கு அடுப்பு அனல் மேல வருதுங்க, போதும்.”

எல்லாம் அவளுடைய சாம்பிள்கள். நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள் என் விரல்கள் வேலையைத் தொடங்கிவிட்டன. துணி கையில் பட்டால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகத் தேய்த்துப் பார்க்கும். எழவு வீட்டில் கட்டிக்கொண்டு அழும்போதுகூட எதிராளியின் சட்டைத் துணியைத் தேய்த்துப் பார்க்கிற ஊர் எங்கள் ஊர்.

அவள் துணி என்னுடையதைவிட நன்றாக இருந்தது. மெத்தென்று, வெதுவெதுப்பாக, கையை விட்டால் எடுக்க மனம் வரவில்லை. முந்நூற்று நாற்பது ஜிஎஸ்எம் இருக்கும் என்றது விரல். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம். என்னுடையது முந்நூற்றிருபது. இத்தனை கனம் கொடுத்துவிட்டு எப்படிக் கட்டுப்படியாகிறது இவளுக்கு? அவள் போட்ட துணிக்குள் சுகமாகப் படுத்துக்கொண்டு அவளை நினைத்தே வெந்துகொண்டிருந்தேன்.

ஓடைக்கு மேலே சாயப்பட்டறை

மறுநாள் காலை ஐரீன் எங்கள் இருவரையும் காட்டுக்குள் கூட்டிப்போனார். கால் வைத்த இடமெல்லாம் பாசி மெத்தை. மரத்திலிருந்து மழை நின்ற பிறகும் சொட்டிக்கொண்டே இருந்தது. ஓர் இடத்தில் ஒரு ஓடை குறுக்கே ஓடியது. தண்ணீர் கடுங்காப்பி நிறம்.

எனக்கு மனம் சட்டென்று இளகிவிட்டது. ஐரீனின் கையைத் தொட்டு, மேலே எந்தச் சாயப்பட்டறை, யாரும் கேஸ் போடவில்லையா என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பரிவோடு விசாரித்தேன். அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. மேலே பட்டறை எதுவும் இல்லை, இலையும் மரப்பட்டையும் ஊறி வந்த நிறம், அள்ளிப் பார் என்றார். அள்ளினேன். என் கைரேகை வரைக்கும் தெரிந்தது.

சுமதி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியதைப் பார்த்தேன். அந்த ஓடை மேலும் எனக்குப் பொறாமை வந்தது என்று சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். வந்தது. நம் பக்கத்துத் தண்ணீர் மட்டும் என்ன பாவம் செய்தது?

மத்தியானம் மழை வலுத்தது. சுமதி துண்டை எடுத்துக்கொண்டு பொதுக் குளியலறைக்குப் போனாள். வெந்நீர் வர நேரமாகும், திரும்ப அரை மணி ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் என் பெட்டியின் அடியிலிருந்து கட்டரை எடுத்தேன்.

நான் வெட்டிய வட்டம்

ஜிஎஸ்எம் கட்டர் ஒரு டப்பா மூடி அளவில் வட்டமாக இருக்கும். துணியை ரப்பர் பலகை மேல் விரித்து, கட்டரை வைத்து அமுக்கித் திருகினால் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வட்டம் வெட்டிக்கொண்டு வரும். அதைச் சின்னத் தராசில் வைத்தால் கணக்கு தெரிந்துவிடும். எனக்கு அது சாவிக்கொத்து மாதிரி, போகிற இடமெல்லாம் வரும். என் கட்டரில் ஒரு பிளேடு முனை மழுங்கியது. ஓர் இடத்தில் மட்டும் ஒற்றை நூல் அறுபடாமல் நிற்கும், கத்தரியால் நறுக்க வேண்டும்.

அவள் பெட்டியைத் திறந்தேன். ஐரீனுக்குக் காட்ட என்று தனிக் கவரில் போட்டிருந்த ஹூடியை எடுத்தேன். உட்புறம் வெளியே வரத் திருப்பி, வயிற்றுப் பைக்குள் ரப்பர் பலகையைச் செருகி, பைக்குப் பின்னால் இருக்கும் துணியை மட்டும் வெட்டினேன். திருப்பிப் போட்டால் பை மூடிக்கொள்ளும், வெளியே ஒன்றும் தெரியாது. கை நடுங்கவே இல்லை. அதைத்தான் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

தராசு காட்டியது: முந்நூறு. மறுபடி வைத்தேன். முந்நூறேதான்.

என்னுடையதைவிடக் குறைவு. குறைந்த கனத்தில் அந்த மெத்தையைக் கொண்டுவந்திருக்கிறாள். நூலையும், உட்புறத்தைப் பஞ்சாக எழுப்புகிற உரசலையும் அப்படித் தேர்ந்தெடுத்திருக்கிறாள். கனம் கூடுதலாக இருந்திருந்தால் பணத்தைக் கொட்டியிருக்கிறாள் என்று மனதைத் தேற்றியிருப்பேன். இது மூளை. இதை நான் என்ன செய்ய முடியும்?

வட்டத்தை அடுப்பில் போட்டேன். காகிதம் எரிந்த வாசனை வந்தது. சுத்தப் பருத்தி, அதிலும் ஏமாற்று இல்லை. பெட்டியை இருந்தபடி மூடிவிட்டுப் படுத்தேன். அவள் ஈரத் தலையோடு வந்து, என்னங்கக்கா உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பைக்குள் போன கை

மூன்றாம் நாள் காலை கடல் உள்வாங்கியிருந்தது. ஐரீன் என்னை மட்டும் கரைக்குக் கூட்டிப்போனார், சுமதி தலைவலி என்று கேபினிலேயே இருந்துகொண்டாள். கரை முழுக்க அடித்து வந்த பெருமரங்கள் எலும்பாக வெளுத்துக் கிடந்தன. பாறைக் குழிகளில் ஊதா நிற நட்சத்திர மீன்கள். தூரத்தில் நாய் குரைப்பதாக நினைத்தேன், கடற்சிங்கமாம்.

நடந்துகொண்டே ஐரீன் ஒரு விஷயம் சொன்னார். இந்தக் கரையில் நடக்கிறவர்கள் எல்லோரும் பைக்குள் கையை விட்டுக்கொண்டுதான் நடப்பார்கள், அதனால் ஒரு ஹூடியை நான் பையை வைத்துத்தான் எடைபோடுவேன் என்றார்.

நான் வெட்டியதும் பைக்குப் பின்னால்தான். திரும்பிப் போனதும் சுமதியிடம் சொல்லிவிட வேண்டும், அவள் பெட்டியில் வேறு பீஸ் இருக்கும், அதைக் கொடுக்கட்டும் என்று முடிவு செய்தேன். கேபின் கதவைத் திறந்தபோது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊசி டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். ரவிக்கைக் கொக்கி விட்டுப்போனது என்றாள். தலையில் ஒரு முடி கலையவில்லை. செல்வராணியின் சிரிப்பு ஞாபகம் வந்தது. நான் சொல்லவில்லை.

மத்தியானம் ஐரீன் வந்தார். சுமதியின் ஹூடியை முதலில் போட்டார். கன்னத்தில் தேய்த்துப் பார்த்து, இந்த மாதிரித் துணி நான் போட்டதே இல்லை என்றார். தூறலில் இறங்கி நடந்தார். பத்தடி போயிருப்பார், நின்றார். திரும்பி வந்து, கழற்றி, மேசை மேல் உட்புறமாகத் திருப்பிப் போட்டார். வட்டம் பளிச்சென்று தெரிந்தது.

சுமதி குனிந்து பார்த்தாள். விளிம்பை விரலால் தடவிக்கொண்டே போனவள், ஓர் இடத்தில் நிறுத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான். அப்புறம் ஐரீனிடம், எடை பார்க்க வெட்டிய பீஸ் தவறி வந்துவிட்டது, தப்பு எங்களுடையது என்று இங்கிலீஷில் சொன்னாள்.

அடுத்து என்னுடையதைப் போட்டுக்கொண்டு ஐரீன் ஒரு மைல் நடந்தார். வந்து, துணியில் சுமதியுடையதுதான் நல்ல துணி, ஆனால் ஓட்டை சாம்பிளோடு இவ்வளவு தூரம் வருகிறவர்களை நம்பி எப்படிக் கொடுப்பது என்றார். ஆர்டர் எனக்கு. என் சாம்பிளைத் தானே வைத்துக்கொண்டார்.

ஒரு வாக்கியம் சொன்னால் போதும், எல்லாம் மாறியிருக்கும். இங்கிலீஷில்கூட அது எனக்குத் தெரிந்த வாக்கியம்தான். சுமதி, “சந்தோசமுங்கக்கா” என்றாள். விமானத்தில், கேபின் அடுப்பில் அவள் கிளறிக் கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தில் எனக்குப் பாதி கொடுத்தாள். என்னைக் காட்டிக்கொடுக்காத அந்தப் பெரிய மனசைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது, நன்றி வரவில்லை.

செல்வராணி கண்டுபிடித்தது

இரண்டு மூன்று மாதம் கழித்து அந்தச் சாம்பிள் ஐரீனின் கையெழுத்து அட்டையோடு யூனிட்டுக்கு வந்தது. இதைப் பார்த்துத்தான் மொத்தச் சரக்கையும் தைக்க வேண்டும். ஐரீன் நாலைந்து முறை துவைத்துப் போட்டுப் பார்த்திருந்தார். செல்வராணி அளவெடுக்க மேசையில் விரித்தவள், பைக்குள் கையை விட்டுவிட்டு அப்படியே நின்றாள்.

“அக்கா, உள்ள வட்டமா என்னமோ தட்டுதுல்லா.”

திருப்பிப் பார்த்தேன். பைக்குப் பின்னால், துணியில், ஒரு வட்டம். வெட்டி எடுத்த அதே வட்டத்தைத் திரும்ப அதே இடத்தில் வைத்து, கண்ணிக்குக் கண்ணி கோத்துக் கையால் தைத்திருந்தது. நூல்கூடப் புதிதில்லை, உள்மடிப்பிலிருந்து உருவிய என் துணியின் நூல். துவைத்துச் சுருங்கியதால்தான் கைக்குத் தட்டுப்பட்டது. ஓர் இடத்தில் மட்டும் விளிம்பு பிசிறாகக் கத்தரியால் நறுக்கப்பட்டிருந்தது. என் கட்டர் வெட்டாமல் விடுகிற இடம்.

ரவிக்கைக் கொக்கி!

சாம்பிளைக் கவரில் போட்டுக்கொண்டு நேரே சுமதி ஊட்டுக்குப் போனேன். பார்த்ததும் புரிந்துகொண்டாள். உட்காரச் சொன்னாள், காப்பி வைக்கட்டுமா என்று கேட்டாள். காப்பி வேண்டாம், ஏன் வெட்டினாய் என்று கேட்டேன்.

“உங்க துணி எத்தன வருசமானாலும் தொங்காம நிக்குதுங்களே அக்கா. எனக்கு அது வரவே மாட்டேங்குது. ரொம்ப நாளா வயித்தெரிச்சலுங்க” என்றாள். வெட்டி எடை பார்த்ததும் மனசு கேட்கவில்லையாம். ஐரீன் கையில் பட்டால் என் ஆர்டர் போய்விடுமே என்று உட்கார்ந்து தைத்தாளாம். அரை நாள் ஆனதாம்.

“உன்ற ஹூடில ஓட்ட போட்டது நான்னு அப்பவே தெரிஞ்சுதா?”

“காலைல உங்க கட்டர எடுத்து வெட்டுனப்ப அந்த ஒத்த நூலு எனக்கும் அறுபடாம நின்னுச்சுங்களே. பார்த்ததும் தெரிஞ்சுதுங்க. எப்பிடிச் சொல்றது? நானும் வெட்டுனவதானே.”

அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “என்ற ஹூடிய வெட்டுனீங்களே, அந்த வட்டத்த என்னங்க பண்ணுனீங்க?”

அடுப்பில் போட்டுவிட்டேன் என்றேன். அவள் எழுந்தாள். உள்ளே போய்க் காப்பி கலந்து கொண்டுவந்து வைத்தாள். முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவள் முன்னால் எனக்கு அழுகை வந்தது.

கடைசியில் யார் ஆர்டர்?

அன்றைக்கே ஐரீனுக்கு எழுதினேன். டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு, யாரையும் திருத்தச் சொல்லாமல், நானே எழுதினேன். சுமதியின் ஓட்டை நான் போட்டது என்று எழுதினேன். அவள் என்னுடையதில் வெட்டியதை எழுதவில்லை, அது அவள் சொல்ல வேண்டியது. அவளும் தனியாக எழுதியிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது.

பத்து நாள் பதில் இல்லை. செல்வராணியிடம் விஷயத்தைச் சொன்னேன். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. பதில் சுருக்கமாக வந்தது. தொடங்கிய சரக்கை நீ முடி, அடுத்த வருடத்திலிருந்து ஆர்டர் சுமதிக்கு, இரண்டு பேரும் மறுபடி வாருங்கள் என்று இருந்தது. கீழே, படுக்கையை நீங்களே கொண்டுவர வேண்டும் என்ற வரிக்கு அடிக்கோடு போட்டிருந்தது.

இப்போது அந்த ஹூடி சுமதியின் ஆர்டர். அவளிடம் மெஷின் போதாது என்று தையலை எனக்கு ஜாப் ஒர்க்காக, கூலிக்குத் தைக்கக் கொடுத்திருக்கிறாள். முப்பது பேரும் ஊருக்குப் போகவில்லை. நான் என் ஓரகத்தியின் துணியை, என் லைனில், அவள் சொல்கிற தேதிக்குள் தைத்துக் கொடுக்கிறேன். எனக்கு எரிச்சல் இல்லை என்று நீங்கள் நினைத்தால் இத்தனை வாரம் இந்தத் தொடரைச் சரியாகப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்த வருடம் போனோம். அதே கேபின், அதே பென்சில் வாசனை. ஆளுக்கு இரண்டு கம்பளி கொண்டுபோயிருந்தோம். உங்களுக்கு முழங்கால் வலி, நீங்கள் கீழே என்று சுமதி தொடங்கினாள். இந்த முறை நான் மேலேதான் படுப்பேன் என்றேன். வேண்டாமுங்கக்கா, வேண்டாமுங்கக்கா என்று அவள் தடுத்தது எனக்கு இன்னும் ரோஷத்தைக் கிளப்பியது. முழங்கால் கடகடக்க ஏணியில் ஏறி, மூச்சு வாங்கப் படுத்து, ஜன்னலில் முகத்தை வைத்தேன். அன்றைக்குப் பனிமூட்டமும் இல்லை, நல்ல வெயில்.

ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரு மரம் நின்றது. நாலு ஆள் கட்டிப்பிடிக்கிற மரம். இடது பக்கம் சாய்ந்து பார்த்தேன், பட்டை. வலது பக்கம் சாய்ந்து பார்த்தேன், பாசி. கடல் ஒரு துளி தெரியவில்லை. அந்த மரம் போன வருடம் முளைத்ததும் இல்லை.

கீழே சத்தமே இல்லை. கட்டில் மட்டும் லேசாகக் குலுங்கியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு சுமதி கேட்டாள்.

“கடல் தெரியுதுங்களா அக்கா?”

“தெரியுது கண்ணு” என்றேன். “நல்லாத் தெரியுது.”